அத்தை நேர்ந்துகொண்ட ஆட்டம்

பிரான்புரி,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு, கைகூப்பி வணங்கி பிம் எழுதுவது. இங்கு எங்கள் கடையில் வாட்டுகிற கோழிகளைத் தவிர மற்ற எல்லோரும் நலம். உபோனில் தாங்களும் தங்கள் முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதைப் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. பட்டமளிப்பன்று என் பெயரைக் கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்தவளை எழுப்பி மேடைக்கு அனுப்பப் பார்த்தவள் நான் என்பது தங்களுக்குத் தெரியும். ஆகவே தயவுசெய்து, காவல் தெய்வத்திடம் தாங்கள் நேர்ந்துகொண்டதை மட்டும் அவித்த முட்டையாக மாற்றித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்ததைத் தாங்கள் பாதிதான் கேட்டிருப்பீர்கள். துய் அண்ணனுக்கு இது மூன்றாவது முயற்சி. தொழில்முறைப் போட்டிகளில் ஆட வேண்டுமானால் இந்தத் தகுதிச் சுற்றில் தேறி கார்டு வாங்க வேண்டும், இந்தத் தடவையும் வாங்காவிட்டால் கோல்ஃப் மட்டைகளை விற்றுவிட்டு அடுப்பு முன்னால் நிற்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார், அது போதாதென்று வழக்கமாக அவன் பையைத் தூக்குகிற அக்கா படியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொள்ள, கேடி வேலைக்கு என்னைப் பிடித்துப் போட்டான். நானும் சின்ன வயதிலிருந்து அவன் ஆடுவதைப் பார்த்தவள்தானே என்று ஒப்புக்கொண்டேன். இப்போது ஊரே என்னைக் கேடி என்கிறது, வேறு அர்த்தத்தில்.

மூன்றாம் குழிக்குப் பின்னால் காவல் தெய்வத்தின் மாடம் இருக்கிறதல்லவா, அங்கேதான் ஆரம்பித்தது. அதே கார்டுக்காக அவனோடு ஆடிய பீர் அண்ணன் (பெயர்தான் பீர், குடிப்பது சோயாப்பால்) கார்டு கிடைத்தால் கூடை கூடையாக அவித்த முட்டை படைப்பதாக நேர்ந்துகொண்டார். அதைப் பார்த்த துய் அண்ணன், தானும் விடக்கூடாதென்று உடனே தங்களுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மாடத்துக்கு முன்னால் நீட்டினான். தாங்களும் யோசிக்காமல், "சாமி! எங்க பையன் தேறட்டும். எங்க குடும்பத்துல முதமுதல்ல பட்டம் வாங்கின பொண்ணு பிம், உன் முன்னால வந்து ஆடுவா!" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பீர் அண்ணன் மட்டும், "போச்சு, இனிமே என் முட்டைக்கு என்ன மரியாதை?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் என் பேச்சை நம்பவே இல்லை. குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டிய இடத்தில், "எதிர்க்காத்து அடிக்குது அண்ணா, பெரிய மட்டையை எடு" என்றேன். "ஆடணுமேன்னு பயந்து என்னைக் கவுக்கப் பாக்குறியா?" என்று சின்னதை எடுத்தான். பந்து குளத்தில். "பாத்தியா, உன் கெட்ட மனசு!" என்றான். அவன் எடுத்த மட்டைக்கும் என் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்து, துண்டை நனைத்து மட்டையைத் துடைத்தேன். இப்படியே கடைசி நாள் முடிய, மிச்சமிருந்த ஒரே ஒரு கார்டுக்கு அண்ணனும் பீர் அண்ணனும் சமமாக நின்றார்கள். இன்னொரு குழி ஆடித் தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். பீர் அண்ணன் குழி ஓரத்தில் தவறவிட்டார். அண்ணன் உருட்டிப் போட்டுவிட்டால் கார்டு அவனுக்கு. அப்பா கடையை மூடிவிட்டுக் சமையல் ஏப்ரனோடு வந்து நின்றிருந்தார்.

"பந்து எந்தப் பக்கம் சாயும்?" என்று அண்ணன் கேட்டான்.

"இடது பக்கம், அண்ணா."

என் கண்ணையே பார்த்தான். "ஆடப் பயமா இருக்கா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா சத்தியமா இடது பக்கந்தான்."

"அப்ப வலது பக்கம் சாயுது" என்று சொல்லி, அதற்கேற்றபடி உருட்டினான். பந்து சமர்த்தாக வலது பக்கம் சாய்ந்து உள்ளே போய்விட்டது. அத்தை, நான் உண்மையாகவே இடது என்றுதான் நினைத்தேன். நான் தப்பாகப் பார்த்ததாலும் அவன் என்னைச் சந்தேகப்பட்டதாலும்தான் நம் குடும்பத்துக்குக் கார்டு கிடைத்தது. இதை யாரிடம் சொல்வது? அப்பா, "படிக்கவெச்சதுக்கு அண்ணன் வாயில மண்ணு போடப் பாத்தியே" என்றார். அம்மா இன்னும் என் தட்டில் கோழித்தொடை வைப்பதில்லை, கழுத்துதான்.

இப்போது அடுத்த வாரம் அவனுக்கு முதல் போட்டி. நேர்ந்ததைச் செலுத்தாமல் போனால் முதல் அடியே காட்டுக்குள் போகும் என்று அண்ணன் பெட்டி கட்ட மறுக்கிறான். நான் முட்டை வாங்கிக்கொண்டு போனேன். மாடத்தைப் பார்த்துக்கொள்கிற லெக் பெரியம்மா, "நேந்தது உன் அத்தை. மாத்துறதா இருந்தா அவங்க வாயால சொல்லணும். நீ பட்டம் வாங்கினா எனக்கென்ன, சாமிக்கென்ன?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே ஒரே ஒரு போன் போதும். மாற்ற மனமில்லை என்றால் வேறொரு வழி சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்: தாங்கள் "வந்து ஆடுவா" என்றுதான் சொன்னீர்கள். எதை ஆடுவாள் என்று சொல்லவில்லை. கோல்ஃப் மைதானத்தில் ஆடுவதென்றால் கோல்ஃப்தானே, அத்தை? நேர்த்திக்கடனுக்கு ஆடுகிற நடனக்காரிகள் போலக் கிரீடமும் நீள நகமும் வைத்துக்கொண்டு பீர் அண்ணன் முன்னால் நடனமாடுவதாகத் தாங்கள் சொன்னதில் எங்கும் இல்லை. இதை லெக் பெரியம்மாவிடம் சொன்னேன். தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, சாயங்காலம் வந்து ஒரு பந்து அடி, சாமி ஏத்துக்கிட்டா ஏத்துக்கட்டும்" என்றார். ஆகவே என் கவலை அநேகமாகத் தீர்ந்தது. தாங்கள் "ஆமாம், கோல்ஃபைத்தான் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

மாமாவுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கவும், வீட்டில் அரிசியும் சிரிப்பும் குறையாதிருக்கவும் வேண்டுகிறேன்.

பணிவுள்ள,
பிம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அடித்தேன். குழி நேர் எதிரே இருந்தது, ஆனால் பந்து தென்னை மரத்தில் பட்டுத் திரும்பி மாடத்துக்குள் பாய்ந்து, யாரோ நேர்ந்து வைத்திருந்த நடனப் பெண் பொம்மைகளில் ஒன்றை இடுப்போடு உடைத்துவிட்டது. லெக் பெரியம்மா துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "இதுநாள் வரைக்கும் இவ ஆடிக்கிட்டிருந்தா. இனிமே இவ இடத்துல யாரு ஆடுறது?" என்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம், போனும் செய்ய வேண்டாம். தங்கள் கல்யாணத்தில் ஆடியவர்களின் கிரீடம் இன்னும் பரணில் இருந்தால் உடனே அனுப்பிவையுங்கள். முகத்தை மறைக்கிற மாதிரி ஏதாவது இருந்தாலும் அனுப்பலாம்.