பாரிஸ்டர் கை நனைக்காத பந்தி

அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறினால் எனக்குப் பாரிஸ்டர்தான் நினைவுக்கு வருவார். கோவையின் சித்திரை வெயிலில், லண்டனில் தைத்த கம்பளிக் கோட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உருகியபடி, அந்த வாசனையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்து வருவார். வக்கீலாக இருந்தபோது நீதிபதியைப் போலவும், அரசியலுக்குப் போனபோது வக்கீலைப் போலவும், நீதிபதியானபோது அரசியல்வாதியைப் போலவும் நடந்துகொண்டு, மூன்று தொழில்களுக்கும் பாரபட்சமின்றிச் சேதம் விளைவித்தவர் கொங்கு நாட்டில் அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் நான் அவரிடம் ஜூனியர். அவருடைய கேஸ் கட்டுகளையும் தோல்விகளையும் சுமப்பது என் வேலை. ஆங்கிலத்தில் வாதாடினால் ஹைகோர்ட்டே எழுந்து நிற்கும் என்பார்கள். தமிழுக்கு வந்தால் சொந்த ஊரான துடியலூர்ப் பேச்சுதான். பூட்டை உடைத்ததாகப் பிடிபட்ட ஒருவனுக்காக ஆஜரானார். கூண்டில் நின்றவனைப் பார்த்து, "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, அந்தப் பூட்டை நீங்க ஒடைக்கலைதானுங்களே?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து இத்தனை மரியாதையை அவன் கண்டதில்லை. இப்படிப்பட்ட மனிதரிடம் பொய் சொல்ல மனம் வராமல், "ஒடச்சுபோட்டனுங்க" என்றான். பாரிஸ்டர் அவனுடைய நேர்மையை நெகிழ்ந்து பாராட்டிவிட்டு உட்கார்ந்தார். அவன் உள்ளே போனான்.

இப்பேர்ப்பட்ட திறமையைக் கட்சிக்காரர்கள் விடுவார்களா? தேர்தலில் நிறுத்தினார்கள். உங்களுக்குத்தான் ஓட்டு என்று யாராவது சொன்னால் போதும், குறுக்கு விசாரணை ஆரம்பித்துவிடும். போன தடவை யாருக்குப் போட்டீர்கள், மனம் மாறியதற்குக் காரணம் என்ன, அதற்கு ஆதாரம் உண்டா என்று கிளறிக் கிளறி, தனக்கு விழவிருந்த ஓட்டுகளைத் தானே சந்தேகத்தின் பலனில் விடுதலை செய்தார். மேடையில் எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டுகளை வரிசையாகப் படித்து, "இதுல ஞாயம் இருக்குதுங்க" என்று ஒப்புக்கொண்டார். டெபாசிட் போனது. அடுத்த தடவை கட்டாயம் ஜெயிப்பேன் என்று அவர் நம்பியதுதான் கட்சிக்குப் பெரிய பீதி. யாரையோ பிடித்து, வழக்குகளைச் சமரசத்தில் முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

நாற்காலி அவரைத் தாங்கியது. அவர்தான் நாற்காலியில் தங்கவில்லை. யார் உள்ளே வந்தாலும் எழுந்து கும்பிட்டார். வாதி, பிரதிவாதி இருவரிடமும் மழை உண்டா, மகளுக்கு வரன் அமைந்ததா என்று விசாரித்தார். போகிறபோது இருவரிடமும் ஆதரவு கேட்டார்.

அங்கே வந்தவர்தான் ஸ்டெல்லாக்கா. காங்கேயம் பக்கம் தலைமுறையாகத் தோட்டங்காடுகளில் கூலி வேலை பார்த்த குடும்பம். புருஷன் இறந்தபின் கடன் வாங்கி இரண்டு விசைத்தறி போட்டு, சோமனூரில் செட் எனப்படும் தறிக்கொட்டகையில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். செட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. சமரசம் முறிந்து வழக்கு பழைய கோர்ட்டுக்கே திரும்பினால் தறிகள் தெருவுக்கு வரும், அக்காவும் கூடவே வருவார். செட்டுக்காரரோ பாரிஸ்டருக்குத் தூரத்து மாப்பிள்ளை. சோமனூரையும் சேர்த்த அந்தத் தொகுதியில் அடுத்த சீட்டு யாருக்கு என்று முடிவு செய்கிற ஆள். அக்கா தோற்றார் என்றே நான் முடிவுகட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம். என்னையும் கூட்டிக்கொண்டு போனார் பாரிஸ்டர். மணமக்களை வாழ்த்தினார், பந்தியில் உட்கார்ந்தார். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. பாரிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஒறம்பரை, அதாவது விருந்துக்கு வந்த உறவுக்காரர், கை நனைக்கவில்லை என்றால் அந்த வீட்டோடு உறவு வேண்டாம் என்று அர்த்தம். பெரியவர் சாப்பிடாமல் நாம் எப்படி என்று பக்கத்து இலைக்காரர் கையை எடுத்தார். அடுத்தவரும் எடுத்தார். இலை இலையாக மரியாதை பரவி, பந்தியே நின்றுபோனது. பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியோடு சிலையானார்கள்.

செட்டுக்காரர் ஓடி வந்தார். "ஏனுங் மாமா, எதாச்சும் கொறைங்களா?"

"கொறை ஒண்ணுமில்லீங் மாப்ள. அந்தம்மணி தறி இனி எங்க ஓடும்னு ஒரே ரோசனை. ரோசனையோட தின்னா செரிக்காதுங்க."

"அதைக் கோர்ட்டுல பேசிக்கலாமுங்க."

"கோர்ட்டுல நான் பேசப்படாதுங்க, அங்க ஜட்ஜு. இங்க வெறும் ஒறம்பரைதானுங்க."

சம்பந்தி வீட்டார் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அஞ்சு வருஷம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் செட்டுக்காரர். பாரிஸ்டர் நிதானமாகச் சோற்றைப் பிசைந்தார். பாயசம் மறுபடியும் கேட்டு வாங்கினார்.

சம்பந்தி முன்னால் கொடுத்த வாக்கு, மறுநாளே கையெழுத்தானது. மக்கள் நீதிமன்றத்தில் போட்ட கையெழுத்துக்கு அப்பீல் கிடையாது. அதனால் செட்டுக்காரர் பாரிஸ்டர்மேல் அப்பீல் போனார். கல்யாண வீட்டில் ஒரு நீதிபதி கட்டப்பஞ்சாயத்து செய்தார் என்று மேலிடத்துக்குப் புகார் போனது. புகாரில் பொய் ஒன்றுமில்லை. நாற்காலி போனது, சீட்டும் போனது. விசாரிக்க வந்தவர்களிடமும், "இதுல ஞாயம் இருக்குதுங்க" என்றுதான் சொன்னார்.

கடைசி நாள் கோர்ட் வாசலில் ஸ்டெல்லாக்கா காத்திருந்தார். முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். பாரிஸ்டர் பழக்கதோஷத்தில் கும்பிட்டு, எப்படியும் ஒருநாள் சுயேச்சையாக நிற்பேன், மறந்துவிடாதீர்கள் என்றார்.

அக்கா கூனிக் குறுகிப் போனார். "எனக்கு ஓட்டு இன்னும் காங்கேயத்துலதானுங்க ஐயா இருக்குது."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை அந்த வேலைக்காகவே செய்துவிட்டதைக் கண்டுபிடித்தவரைப் போல, பாரிஸ்டர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது.

"அப்ப சும்மாதான் செஞ்சுபோட்டனாட்ட இருக்குதுங்க," என்றார். "போகுதுங்க. தறி ஓடுதுல்லீங்களா, அது போதும். வாரேனுங் அம்மணி."