புழ்ழி விவரம்

ஒரு விஷயத்தை முழுக்கக் கற்றவன் சும்மா இருப்பான். ஒன்றுமே கற்காதவனும் சும்மா இருப்பான். பாதி கற்றவன்தான் வலியப் போய், "உங்களுக்கு ஏதாவது உதவி செய்யட்டுமா?" என்று கேட்பான். இரண்டாவது உலகச் சண்டைக் காலத்துப் பம்பாயில், தாராவியில், அப்படிக் கேட்டுக்கொண்டு திரிந்தவன் நான்.

அப்போது எனக்குக் கோட்டைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை. புள்ளிவிவரப் பிரிவு. எத்தனை பேர் எந்த வியாதியில் போனார்கள் என்று எண்ணி, கட்டம் கட்டி, மேலே அனுப்ப வேண்டும். சேர்ந்த சில மாதங்களிலேயே, உலகத்தில் எந்தக் கஷ்டத்தையும் கட்டம் போட்டால் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. (அந்தக் கட்டங்களுக்குள் போனவர்கள் யாரும் பிழைத்து வந்ததில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.)

எனக்கு இன்னொரு கோளாறும் இருந்தது. எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் யார் வாயிலும் 'ழ' கிடையாது. மழை எங்களுக்கு மளை, பழம் எங்களுக்குப் பளம். ஒரு நாள் மாதுங்காவில் ஒரு மெஸ்ஸில், "ஒரு வாளப்பளம்" என்று கேட்டேன். பக்கத்து இலைக்காரர், "பளம் இருக்காது, பழம் வேணும்னா கேட்டுப் பாருங்கோ" என்றார். பந்தியே சிரித்தது. குடித்துக்கொண்டிருந்த ரசம் எனக்கு மூக்கில் ஏறியது.

அன்றே சபதம் எடுத்தேன். தினமும் ரயிலில் நின்றபடி நாக்கை மடித்து மடித்துப் பழகினேன். (எதிரே இருந்த மராட்டிக்காரர் ஒருவர், தொண்டையில் மீன்முள் சிக்கிவிட்டது என்று நினைத்துத் தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார்.) நாக்கு மடிந்துவிட்டது. ஆனால் எங்கே மடிக்க வேண்டும், எங்கே கூடாது என்று காதுக்குத் தெரியவில்லை. ஆகவே சுலபமாக ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வாயில் 'ள' வந்தால் அது தப்பு, உடனே 'ழ' ஆக்கிவிட வேண்டியது. வீட்டில் பழைய பேச்சுதான். நாலு பேர் முன்னால் மட்டும் இந்தப் புதுத் தமிழ். ஆபீஸிலோ எல்லாம் இங்கிலீஷ். என்னைத் திருத்த யாருக்கும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

அண்ணன் மனைவி தங்கம் மதினி தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேலை நிரந்தரமில்லை. இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் பெர்மனன்ட் ஆகும். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். அண்ணனின் தோல் பட்டறை பாதி நாள் பூட்டிக் கிடந்த காலம் அது. மதினியின் வேலை போனால் வீடு ஆட்டம் கண்டுவிடும்.

ஒரு சாயங்காலம் மதினி திருத்திக்கொண்டிருந்த காகிதங்களைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாத்துக்கும் மார்க்கு போடுதேன். ஆனா எவன் எந்த இடத்துல தடுக்குதான்னுதான் பிடிபட மாட்டேங்கு."

நான் காத்திருந்தது இதற்குத்தான்.

"மதினி, மார்க்க கூட்டாதீய. தப்ப எண்ணுங்க. எந்த எளுத்துல எத்தன பேரு விளுதான்னு கட்டம் போட்டுட்டா, அந்த எளுத்த மட்டும் மறுபடி நடத்துனா போதும்லா?"

இப்படிச் சொன்னதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. யோசனை நல்ல யோசனை. சொன்ன கையோடு நான் வாயை மூடிக்கொண்டு ஆபீஸுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பாடம் நடத்துகிறவரே பரீட்சையும் வைத்தால் கணக்கு சுத்தமாக இருக்காது, வெளியாள்தான் வைக்க வேண்டும் என்றேன். அந்த வெளியாள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லீவு போட்டுவிட்டுப் போனேன். பாரபட்சம் வந்துவிடும் என்று மதினியை வகுப்புக்கு வெளியே அனுப்பினேன். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நானே தயாரித்த வாக்கியத்தைச் சொல்வதெழுதுதலாகக் கொடுத்தேன். காகிதத்தில் அது இப்படி இருந்தது: "வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகள் பள்ளிக்கு வாழைப்பழங்கள் கொண்டு வந்தார்கள்."

என் வாயிலிருந்து வந்தது இது: "வெழ்ழிக்கிழமை காலையில் பிழ்ழைகழ் பழ்ழிக்கு வாழைப்பழங்கழ் கொண்டு வந்தார்கழ்."

முன்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "சார், பிழ்ழைகழா?"

"ஆமாம். நான் சொல்கிறபடியே எழுத வேண்டும். என் வாயைப் பாருங்கழ்."

பார்த்தார்கள். அத்தனை பேரும் தலையைச் சாய்த்து, என் நாக்கு போகிற வழியையே பார்த்தார்கள். என் உச்சரிப்பில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் எழுதிய காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணினேன். 'ழ'வில் தப்பே இல்லை. 'ள'வில் வகுப்பு மொத்தமும் விழுந்திருந்தது. பழைய காலண்டரின் பின்பக்கம் (அப்போது நல்ல காகிதம் கிடைக்காது) சிவப்புப் பென்சிலால் கட்டம் வரைந்து, ஓரத்தில் வாக்கியத்தையும் எழுதினேன். 'ள' என்று எழுதிய இடத்தில் ஒரு சிவப்புத் தூண், காலண்டரின் உச்சியில் இருந்த ஆணி ஓட்டை வரைக்கும் போயிற்று. இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குப் பசிகூட எடுக்கவில்லை.

மதினிக்கு முகம் வெளுத்துவிட்டது. "எம் பிள்ளைங்க இப்பிடி எளுதாதுவளே."

"கணக்கு பொய் சொல்லாது மதினி."

அண்ணன் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான். "ஏல, நீ அவளுக்கு ஒத்தாச பண்ணுதியா, இருக்க வேலையும் தொலைக்கியா? இந்த வம்பு லப்டாவெல்லாம் வேண்டாம்ல."

நான் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மதினிக்கு முன்னாலேயே போய், காலண்டரை வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டேன். டீச்சரின் குறையை வீட்டாரே ஒப்புக்கொண்டு, தீர்க்கும் வழியையும் காட்டினால் இன்ஸ்பெக்டர் உருகிப்போவார் என்பது என் கணக்கு.

வந்தவர் மாதுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம். அதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மெஸ்ஸில் போன மானத்தை இங்கே மீட்டுவிடலாம் அல்லவா?

"இந்தப் புழ்ழி விவரத்தைக் கொஞ்சம் பாருங்கழ்," என்று ஆரம்பித்தேன். "பிழ்ழைகழ் எங்கே விழுகிறார்கழ் என்று தெழிவாகத் தெரியும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன விவரம்னு சொன்னேள்?"

"புழ்ழி விவரம்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காலண்டரை நிதானமாகப் பார்த்தார். மதினி கையைப் பிசைந்துகொண்டு மூலையில் நின்றாள்.

"வாழைப்பழத்துல ஒருத்தரும் வழுக்கலை. 'ள'வில மட்டும் கிளாஸ் மொத்தமும் விழுந்திருக்கு. ஒரு குழந்தை தப்பு பண்ணினா அந்தக் குழந்தையைப் பார்க்கணும். எல்லாரும் சேர்ந்து ஒரே தப்பைப் பண்ணினா, பரீட்சை வெச்சவாளைன்னா பார்க்கணும்? யாராக்கும் வெச்சது?"

"நான்தான்."

"அந்த வாக்கியத்தை ஒரு தரம் சொல்லுங்கோ, கேக்கட்டும்."

சொன்னேன். மனசார, நாக்கை ஓர் இடத்திலும் குறைக்காமல் சொன்னேன். இன்னொரு பரீட்சை போலிருக்கிறது என்று குழந்தைகள் சிலேட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் இருந்த அந்தச் சிறுமியின் சிலேட்டை வாங்கினார். இரட்டை 'ழ' அவளுக்கு அதிகமாகப் பட்டிருக்க வேண்டும், ஒன்றைக் குறைத்திருந்தாள். அவர் நடுநடுவே தாவி உரக்க வாசித்தார்:

"'பிழைகழ் பழ்ழிக்கு வந்தார்கழ்.'" பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்துதான் இருக்கு."

வகுப்புச் சிரிப்பு காதில் விழுந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் சிவப்புத் தூண் குழந்தைகளின் தப்பு இல்லை. என் நாக்கின் உயரம். அவமானத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது. அதைவிடப் பெரிது, மதினியின் வேலையை என் கையாலேயே தொலைக்க இருந்தேன் என்பது; காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டினேன்.

இன்ஸ்பெக்டர் அதே வாக்கியத்தை மதினியைச் சொல்லச் சொன்னார். அவள் வாயில் 'வெள்ளிக்கிளம', 'வாளப்பளம்' எல்லாமே 'ள'தான். ஆனால் எந்தச் சொல் எந்த எழுத்து என்று தினமும் எழுத வைத்துக் கண்ணில் பதிய வைத்திருந்தாள். சிலேட்டுகளில் ஒரு தப்பு இல்லை.

"டீச்சர் சொன்னாலும் சரியா எழுதறதுகள். இவர் சொன்னாலும், இவர் சொன்னதை அப்படியே எழுதறதுகள். இதுக்கு மேல என்ன வேணும்?" என்று சொல்லி அங்கேயே குறிப்பு எழுதினார். மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த முந்தானையை எடுக்காமலே சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் நின்றபாடில்லை.

அவள் பெர்மனன்ட் ஆனாள். தப்பை எண்ணிக் கட்டம் போடுகிற பழக்கத்தையும் ஓய்வு பெறும் வரை விடவில்லை. மற்ற டீச்சர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள், கூடவே ஓர் எச்சரிக்கையோடு: "கட்டம் நல்லது. கொளுந்தன மட்டும் உள்ள விட்டுராதீங்க."

அடுத்த வருஷம் எனக்குப் பெண் பார்த்தவளும் மதினிதான். ஊர் ஊராக விசாரித்து, ஜாதகக் கட்டுகளைப் புரட்டி, வேண்டுமென்றே ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தாள். என் மனைவியின் பெயர் வள்ளி.

கல்யாணமான நாளிலிருந்து இன்று வரை அவளை நான், "ஏ, இங்க பாரு" என்றுதான் கூப்பிடுகிறேன். பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத பழைய காலத்து மனுஷன் என்று பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், மதினி வெற்றிலையை மென்றுகொண்டே ஆரம்பித்துவிடுவாள்:

"கொளுந்தனாரே, நா கண்ண மூடுததுக்குள்ள ஒருக்கா வாய் தொறந்து அவ பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, கேட்டுட்டுப் போறேன்."