அவைக்குறிப்பில் ஏறிய சிரிப்பு

மிகுந்த மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பெரியவர்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. உங்கள் மகள் மிக மிக நலம். கடிதத்தின் விஷயமே அதுதான். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மகள் கோல்கீப்பராக நிற்கும் பெண்கள் ஹாக்கி அணி, இந்த வருடத் தொழில்முறை லீகில் சாம்பியன் ஆனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். கடைசி நேரத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்து, அதை இவள் பாய்ந்து தடுத்து, கோப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அரசாங்கம் விடவில்லை. சட்டமன்றத்தில் பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றப் போகிறோம், குடும்பத்தோடு வாருங்கள் என்று முத்திரை குத்திய அழைப்பு வந்துவிட்டது. நான் பொறாமைப்படுகிற ஆள் இல்லை மாமா. ஆனால் நானும் ஹாக்கி ஆடுகிறவன்தானே? எத்தனை வருடமாக ஞாயிற்றுக்கிழமை அணியில் முன்வரிசையில் ஓடிக்கொண்டிருக்கிறேன்! போன வருடம் நாங்களும் ஒரு கோப்பை ஜெயித்தோம். வார்டு உறுப்பினர்கூட எட்டிப் பார்க்கவில்லை. கோப்பையையே எங்கள் கேப்டன்தான் கடையில் வாங்கிவந்து, கவரைப் பிரித்து, எங்கள் கையில் கொடுத்துவிட்டு, அவரே கைதட்டினார்.

அழைப்பு வந்த செய்தி பரவியதிலிருந்து என் மூக்குக்கண்ணாடிக் கடையில் தொழில் நடக்கவில்லை. ஒருவர் கண் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்தார். கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். என் தோளுக்கு மேலே வாசலை எட்டிப் பார்த்தபடி, "மேடம் இன்னைக்குக் கடைப் பக்கம் வருவாங்களா சார்?" என்றார்.

"எழுத்தைப் படிங்க."

"அது தெரியலை சார். மேடம் வந்தா நல்லாத் தெரியும்."

முடி வெட்டப் போனால் அங்கேயும் இதே கதை. அந்த ஸ்ட்ரோக்கை அவள் எப்படித் தடுத்தாள் என்று முடிதிருத்துகிறவர் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு எனக்கே செய்து காட்டுகிறார், என் காதுக்குப் பக்கத்தில்! நான் அவள் புருஷன்யா, எனக்குத் தெரியும் என்றால், "நீங்க நேர்ல பார்த்திருப்பீங்க, ஆனா டிவியில திருப்பித் திருப்பிக் காட்டினான்ல, அதைப் பார்க்கணும்" என்கிறார்.

சட்டமன்றத்துக்குப் போன கதைக்கு வருகிறேன். வாசலில் இருந்த காவலர் அவளுக்கு சல்யூட் அடித்தார். என்னை நிறுத்திவிட்டார்.

"அணியில நீங்க யாரு சார்?"

"கோல்கீப்பரோட கணவர்."

"அப்படி ஒரு பதவி எங்க லிஸ்ட்ல இல்லையே. உடன் வந்தவர்னு போட்டுக்கறேன்."

அதை அட்டையில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டியும் விட்டார். நாள் முழுக்க நான் உடன் வந்தவர். மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் மாறி மாறிப் புகழ்ந்தார்கள். எதையும் எதிர்த்தே பேர் வாங்கிய ஒரு உறுப்பினர் எழுந்து, "இந்தத் தீர்மானத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன்" என்றார். மாமா, உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அந்த மனிதரைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வாக்கியத்தில், "வெறும் பாராட்டு போதாது, ஒரு சாலைக்கே இவர்கள் பெயரை வைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மேஜையெல்லாம் அதிர்ந்தது.

அப்புறம்தான் இடி விழுந்தது. சபாநாயகர் விதியைத் தளர்த்தி உங்கள் மகளைப் பேசச் சொன்னார். அந்த ஸ்ட்ரோக்கைத் தடுத்த ரகசியம் என்னம்மா என்று கேட்டார். இவள் மைக்கைப் பிடித்தாள்.

"ரகசியமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அந்தப் பொண்ணு அடிக்கறதுக்கு முன்னாடி இடதுபக்கம் பார்த்துச்சு. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். இடதுபக்கம் பார்த்தார்னா பந்து வலதுபக்கம்தான் வரும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து மாத்தவே இல்லை. அவரை நெனச்சுக்கிட்டேன், பாஞ்சேன், கையில பட்டுடுச்சு."

ஆளுங்கட்சி சிரிக்கிறது, எதிர்க்கட்சி சிரிக்கிறது, சபாநாயகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எல்லாத் தலையும் மாடத்துப் பக்கம் திரும்ப, கேமராவும் திரும்ப, கழுத்தில் அட்டையோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். இது அவைக்குறிப்பில் அப்படியே ஏறிவிட்டது. கீழே அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்றும் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"என்னைப் பத்தி அங்க சொல்லணுமா?"

"பெருமையாத்தானே சொன்னேன்?"

"அரசாங்கப் பதிவுல என் மானத்தை ஏத்திட்டியே!"

"அப்ப இனிமே ரெண்டு பக்கமும் பார்த்து அடிங்க" என்று சொல்லிவிட்டு, பாராட்டுப் பத்திரத்தை மாட்ட ஒரு ஆணி அடிக்கச் சொன்னாள். அடித்தேன். "கொஞ்சம் இடதுபக்கம்" என்றாள். வேண்டுமென்றே சொன்னாளா என்று இன்றுவரை புரியவில்லை. அன்றிலிருந்து நான் ஹால் சோபாவில்தான் படுக்கிறேன். அவளும் உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனால் எதிரணி கோல்கீப்பர் முன்கூட்டியே வலதுபக்கம் ஒதுங்கி நின்று பல்லைக் காட்டுகிறான். பேப்பர் படித்திருக்கிறான் படுபாவி! சரி, ஏமாற்றுவோம் என்று இடதுபக்கம் பார்த்து இடதுபக்கமே அடித்தேன். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் எங்கள் டீ கேனைக் கவிழ்த்துவிட்டது. என் ஆட்டமே போச்சு மாமா. ஆகவே நீங்கள் அடுத்த பஸ் பிடித்து வந்து, அந்த வரியை நீக்கச் சொல்லி சபாநாயகருக்கு எழுது என்று உங்கள் மகளிடம் கண்டித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் தட்ட மாட்டாள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும் எப்போதும் எனக்கு வேண்டும், இப்போது கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மருமகன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் எங்கள் கேப்டன் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தார். வந்தவர் சும்மா இருக்காமல், "பொம்பளைங்க ஆட்டத்துல அடி மெதுவாத்தான் வரும். யார் நின்னாலும் தடுத்துடலாம், இதுக்குப் போய் சட்டமன்றமா?" என்றார். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "நீ வந்து அடிச்சுக் காட்டுய்யா" என்று அவர் சட்டையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துப் போய்விட்டேன். உங்கள் மகள் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கேப்டன் மூச்சு வாங்கி உட்காருகிறவரை அடித்தார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. நான் கோலுக்குப் பின்னால் நின்று கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. கேப்டன் என்னை அணியிலிருந்து நீக்கிவிட்டார். போகட்டும். நீங்கள் கண்டிக்க வர வேண்டாம், அத்தையையும் கூட்டிக்கொண்டு சும்மா வாருங்கள், சோபா காலியாகத்தான் இருக்கிறது. போன் மட்டும் செய்யாதீர்கள். எனக்குத் தொண்டை அடியோடு கட்டிவிட்டது. ஒரு வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். உங்கள் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.