அன்னாசி அண்ணையின் பசிபிக் கராஜ்

பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் வீடு வாங்கிக் குடியிருந்துகொண்டு, அந்தப் பசிபிக் சமுத்திரத்தையே அமெரிக்காவிலிருந்து பார்சலில் வரவழைத்த ஒரே மனிதர் உலகத்தில் அன்னாசி அண்ணைதான். ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில், அவர் வீட்டுப் பின்பக்கத் தனியறைக்கு வாடகைக்கு வந்த பாவத்துக்கு, எல்லாவற்றுக்கும் நானே சாட்சி.

யாழ்ப்பாணத்துக்காரர். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. அவருடைய கராஜில் கார் நின்று நான் பார்த்ததில்லை. அங்கே இருந்தது ஒரு 'டீக்கி பார்'. அதாவது, அமெரிக்கர்கள் கற்பனையிலே கட்டிக்கொண்ட தென்கடல் தீவு: மூங்கில் கவுண்டர், மீன்வலை, பல்பை விழுங்கி விளக்காகத் தொங்கும் பேத்தை மீன், முறைக்கிற மரமுகங்கள், காகிதக் குடை செருகிய ரம் கலவைகள். எதைக் கலந்தாலும் மேலே ஒரு துண்டு அன்னாசி வைப்பார். பெயர் அப்படி வந்ததுதான். இத்தனைக்கும் அண்ணை ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார். கலந்து, மோந்து பார்ப்பதோடு சரி. ருசி பார்க்கும் துறை என்னிடம் இருந்தது. அதை நான் மிகுந்த கடமையுணர்ச்சியோடு கவனித்துவந்தேன்.

"இஞ்சருங்கோ, என்ரை கார் மழையிலை நனையுது. உங்கடை பிளாஸ்டிக் கிளிக்கு ஹீட்டர் கேக்குதோ?" என்பார் அவர் மனைவி.

"அது வெப்பநாட்டுப் பறவையப்பா," என்பார் அண்ணை.

இந்த பாருக்கென்றே ஒரு சங்கீதம் உண்டு. சோம்பலான மணியோசை, மேளம். நடுநடுவே வாத்தியக்காரர்களே காட்டுப் பறவை மாதிரி, தவளை மாதிரி கத்துவார்கள். அண்ணையின் இசைத்தட்டில் கீறல். பறவை வரும் இடமெல்லாம் ஊசி தாவிவிடும். அதனால் பறவைகளை அவரே கத்தினார். தவளையை எனக்குக் கொடுத்தார்.

"தம்பி, உமக்குத் தவளை நல்லா வருது. குரல் அமைப்பு அப்பிடி."

ஆபீஸில் எட்டு வருஷமாக என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. மூன்று நாள் குளியலறையில் சாதகம் செய்தேன்.

பக்கத்து வீட்டில் மேரே ஆன்ட்டி. இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரிப் பெண்மணி, ஓய்வுபெற்ற நர்ஸ். அண்ணை குடும்பம் இந்தத் தெருவுக்கு வந்த முதல் குளிரில், கேட்காமலே போர்வைகளோடு வந்து நின்றவர். எங்கள் கிளி, தவளைக் கத்தல்களை வேலிக்கு அப்பால் இருந்து கேட்டுச் சிரிப்பாரே தவிர, கராஜுக்குள் வந்ததில்லை. ஹாமில்டனில் மகளோடு இருக்கப் போகிறேன், மாதக் கடைசியில் புறப்பாடு என்று அவர் சொன்னதும் அண்ணை ஆடிப்போனார்.

"போறதுக்கு முன்னம் அவ ஒருக்கா என்ரை பாரிலை இருந்து குடிச்சிட்டுப் போகோணும் தம்பி. அது காணும் எனக்கு."

அன்றைக்கே கூட்டிவந்தார். டீக்கி முகம் போட்ட பீங்கான் குவளை ஒன்றை நீட்டினார். நாக்கை நீட்டிய முகம், உச்சந்தலையில் ஸ்ட்ரோ. ஆன்ட்டி அந்த முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: "இது எங்கள் முன்னோர்களின் உருவம். தலை எங்களுக்குப் புனிதம். உன்மேல் கோபமில்லை. ஆனால் இதிலிருந்து என்னால் குடிக்க முடியாது." அண்ணையின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணை அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். "தம்பி, என்ரை அப்பாவின்ரை படத்திலை ஓட்டை போட்டு ஒருத்தன் ஸ்ட்ரோ வைச்சால் நான் சும்மா விடுவனோ?"

மரமுகங்கள், குவளைகள் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் சுற்றி, ஆன்ட்டியிடம் கேட்டு, அவர் சொன்னபடி பத்திரமாக உள்ளே வைத்தார். கராஜ் மொட்டையடித்த மாதிரி ஆயிற்று.

"கண்ணாடி கிளாஸ்ல குடுத்துடலாமே அண்ணே?"

"கிளாசிலை அவ தன்ரை வீட்டிலையே குடிப்பா. முகம் வேணும் தம்பி. ஆரும் கும்பிடாத முகம்."

என்னைப் பார்த்தார். நான் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

"ஏன், உங்க மூஞ்சிக்கு என்ன?"

"எனக்குப் பிள்ளையள் இருக்கு. நாளைக்கு அதுகள் என்ரை படத்துக்கு மாலை போடுங்கள். உமக்கு ஆர் இருக்கினம்?"

நாற்பது வயது பிரம்மச்சாரியை இப்படியா குத்துவது! மறு வாரம் மண்பாண்ட வகுப்பில், முன்னால் ஒரு மேசை, அதன்மேல் களிமண், அதன் பின்னால் அண்ணை. தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன். சூளையிலிருந்து ஆறு குவளைகளாக நான் வெளியே வந்தேன். ஒருவனுக்கு மூக்கு விழுந்திருந்தது.

"மூக்கில்லாததுதான் வடிவாயிருக்கு," என்றார் அண்ணையின் மனைவி.

புறப்பாட்டுக்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் ஆன்ட்டி வந்தார். அண்ணை என் முகக் குவளை ஒன்றை நீட்டினார். ஆன்ட்டி குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குவளையைப் பார்த்தார். அவர் சிரித்த சிரிப்பில் பேத்தை மீன் ஆடியது. பிறகு கவுண்டர் முன்னால் வசதியாக உட்கார்ந்து, என் உச்சந்தலையிலிருந்து கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினார். "இன்னொன்று கொடு," என்றார்.

அண்ணை அன்னாசி தேடுகிறேன் என்று கவுண்டருக்கு அடியில் குனிந்தார். வெகுநேரம் தேடினார். அன்னாசி கவுண்டர் மேலேயே இருந்தது.

மூக்கில்லாதவன் ஆன்ட்டியோடு ஹாமில்டன் போய்விட்டான். அதன்பிறகு இரண்டு ஞாயிறு அண்ணை கராஜைத் திறக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு என் கதவைத் தட்டினார்.

"தம்பி, நீரும் எங்கையும் போறீரோ?"

அந்த வாரந்தான் எனக்கு ஊரின் தெற்குக் கோடியிலுள்ள மனுகாவுக்கு வேலை மாறியிருந்தது.

"நான் எங்க அண்ணே போகப்போறேன்?" என்றேன்.

இப்போது தினமும் ரயிலில் ஊரையே கடந்து போய்வருகிறேன். மனுகாவிலேயே வீடு பார்க்கலாமே என்று ஆபீஸில் கேட்கிறார்கள். மவுண்ட் ஆல்பர்ட்டில் வாடகை மலிவு என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.