விமான நிலையமே கேட்ட கசெட்

பயந்தாங்கொள்ளியின் கையில் ஓர் இயந்திரத்தைக் கொடுத்தால் அவன் அதை உடைக்க மாட்டான். அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடுவான்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட என்னிடம் ஒரு வளைகுடா விமான நிலையத்தார் பெட்டி இழுக்கும் டிராக்டரைத் தந்தார்கள். வயலில் டிராக்டர் ஓட்டியவன்தானே என்று நம்பியிருப்பார்கள் (வயலுக்குள் விமானம் வராது).

டிராக்டரில் வயர்லெஸ் இருந்தது. எல்லா வண்டிகளுக்கும் ஒரே அலைவரிசை, ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேச முடியாது. பொத்தானை அமுக்கிப் பேச வேண்டும், விட்டால்தான் மற்றவர் பேசுவது கேட்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லாமல் எந்த வண்டியும் அசையக் கூடாது. பிழைவிட்டால் ஊருக்கு டிக்கெட் என்றான் மேற்பார்வையாளன். அரைச்சுவரோடு நிற்கும் என் வீடு கண்ணுக்குள் வந்தது, தூக்கம் போனது.

என் பாஷை பேச அங்கே அக்கரைப்பற்று ஹனீபா காக்கா (காக்கா என்றால் அண்ணன்) மட்டும்தான். விமானங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பவுசர் வண்டி ஓட்டும் அவரையும் வெள்ளிக்கிழமைதான் காணலாம். மற்ற நாளெல்லாம் என் வாய் சும்மா கிடக்கும். அதனால் கசெட்டில் பேசி வீட்டுக்கு அனுப்புவேன். ஒரு மத்தியானம் விமானத்துக்குக் காத்திருக்கையில், டேப் ரெக்கோடரை மடியில் வைத்து மனைவியோடு பேசத் தொடங்கினேன். இருக்கையில் கிடந்த வயர்லெஸ் மைக்கின் பொத்தான் என் தொடைக்கடியில் அமுங்கியிருந்ததை அறியேன்.

"ஆட்டுக்குக் கஞ்சித்தண்ணி வெச்சியா புள்ள? கெணத்தடி வழுக்கும், பாத்து நட. மகனுக்கு இருமல் இன்னும் இரிக்கா? இஞ்ச கதைக்க ஒரு மனிசன் இல்ல. நான் செல்றதக் கேக்க ஒருத்தருமில்ல..."

விமான நிலையமே கேட்டுக்கொண்டிருந்தது. கோபுரம் வாய் திறக்க வழியில்லை. எண்ணெய் வண்டி, படிக்கட்டு வண்டி, சாப்பாட்டு வண்டி எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. அவை விலகாததால் இறங்கிய விமானம் ஒன்றும் நடுவழியில் நின்றது. நானோ, "இண்டைக்கு என்னமோ சத்தத்தையே காணல்ல புள்ள" என்று அதையும் பதிவு செய்தேன்.

டேப் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, ஹனீபா காக்கா பவுசரை விட்டு வெயிலில் ஓடிவந்தார்.

"டேய், தொடையத் தூக்குடா. ஒண்ட ஆட்டுக்கு ஒண்டும் நடக்காது. இஞ்ச பிளேனெல்லாம் ஒனக்காகக் காத்திரிக்கி."

மேற்பார்வையாளன் டிக்கெட்டைப் பற்றித்தான் பேசினான். காக்கா அரபியில் ஏதோ கெஞ்சினார். டிக்கெட் வரவில்லை, டிராக்டர் போனது. மாதக்கணக்கில் வண்டி கழுவினேன்.

கசெட்டை அழிக்க மனம் வரவில்லை. அத்தனை கசெட்டுகளில் எனக்குப் பதில் சொன்ன குரல் அதில் மட்டும்தான் இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

இன்றைக்கும் கல்முனையில் நான் மழை, மருந்து, வாசல் கேற்றுப் பூட்டு என்று கவலைப்படத் தொடங்கினால், மனைவி அடுப்படியிலிருந்து சொல்வாள்:

"தொடையத் தூக்குங்க. மத்த ஆக்களும் கொஞ்சம் கதைக்கட்டும்."