பின்னறையும் என் நெஞ்சுப் படபடப்பும்

இந்த விடுமுறையில் பெயின்ட் பிரஷ்ஷைக் கையால் தொடுவதில்லை என்று தீர்மானம் செய்திருந்தேன். பத்து நாள் விடுமுறை. பத்து நாளும் சாய்வு நாற்காலி. பின்னறைச் சுவர் உதிர்வது உண்மைதான். மூன்று வருடமாக உதிர்கிற சுவருக்கு இப்போது என்ன அவசரம்?

தீர்மானம் எடுக்க ஆண்பிள்ளையாக இருந்தால் போதும். அதை மனைவியிடம் சொல்ல அசகாய சூரனாக இருக்க வேண்டும். நான் வெறும் ஆண்பிள்ளை. ஆகவே ஒரு காரணம் தேவைப்பட்டது.

காரணம் என் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது.

எனக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. 'பிரேக்' என்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்கள் பக்கத்தில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அப்போதெல்லாம் அசையாத நெஞ்சு, இரண்டு மாதமாகச் சும்மா இருக்கும்போது துள்ளியது. பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு துடிப்பு தவறும். அடுத்தது தொப்பென்று விழும். பிறகு நாலைந்து படபடவென்று ஓடும். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். கற்றுக்கொடுக்கிற காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நெஞ்சுக்கு அப்படி எதுவும் இல்லை. உள்ளூரப் பயம்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் ஊசி.

விடுமுறையின் முதல் நாள் காலை, மனைவி இரண்டு பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றாள்.

"ஏங்க, பழைய பேப்பரைத் தரையில விரிக்கட்டுமா?"

நான் நெஞ்சில் கை வைத்தேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. படபடன்னு வருது. அப்பப்போ வரும்."

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா வருது, இன்னைக்குத்தான் சொல்றீங்களா?"

"உன்னை எதுக்குக் கவலைப்படுத்தணும்னு..."

'பேசாமல் படுத்துக்கொள்ளுங்கள்' என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டப்பாக்களைக் கீழே வைத்துவிட்டு, கொடியிலிருந்து என் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"சட்டை எதுக்கு?"

"சட்டையில்லாம ஆஸ்பத்திரிக்கு வர்றதானாலும் சரி. கிளம்புங்க."

டாக்டரம்மா நிதானமானவர். நாடி பிடித்தார். மயக்கம் வந்ததா, நெஞ்சு வலித்ததா, மூச்சு வாங்கியதா, வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் இதய நோய் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"காபி எத்தனை?"

"ரெண்டு, மூணு இருக்கும்."

"ஏழு," என்றாள் மனைவி. "வீட்ல மட்டும்."

படுக்கவைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். மனைவி என் சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். கலியாணமான இத்தனை வருடத்தில் அவள் பயந்து நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவுசெய்ய இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்துப் போனபோது டாக்டரம்மா சிரித்த முகமாக இருந்தார்.

"இதயம் நல்லாயிருக்கு. எப்பவாவது ஒரு துடிப்பு கொஞ்சம் முந்திக்குது. நிறைய பேருக்கு வர்றதுதான். வலியோ, மயக்கமோ, மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தா உடனே ஓடி வந்துடணும். மத்தபடி மாத்திரை வேணாம். செய்ய வேண்டியதைச் சீட்டுல எழுதியிருக்கேன். ஒரு மாசம் கழிச்சு வாங்க."

சீட்டைப் பார்த்தேன். மைக்குள் விழுந்த கரப்பான் காகிதத்தில் நடந்துபோன மாதிரி இருந்தது. ஆனால் என் மனைவிக்கு வேலை மருந்துக்கடையில். எப்பேர்ப்பட்ட டாக்டரின் கிறுக்கலும் அவளுக்கு அச்செழுத்து. பேருந்தில் உட்கார்ந்ததும் படித்தாள்.

"காபி ரெண்டு போதும். தூக்கம் எட்டு மணி நேரம். பெயின்ட் வேண்டும்."

"பெயின்டா?"

"கையைத் தூக்கி இறக்கற வேலையில்ல? ரத்த ஓட்டத்துக்கு."

"நம்ம வீட்டுச் சுவர் உதிருறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பெரிய டாக்டர்ங்க. முகத்தைப் பார்த்தாலே குடும்பத்தைச் சொல்லிடுவாங்க."

உயிர் பிழைத்த மகிழ்ச்சியில் ஆராய்ச்சி பண்ணத் தோன்றவில்லை. மறுநாளே சுவரைச் சுரண்டினேன். சொரசொரப்பை மட்டம் தட்டினேன். இளம்பச்சையில் இரண்டு கோட் அடித்தேன். மனைவி வேலை விட்டு வந்ததும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த மூலை விட்டுப்போச்சு" என்றாள். "இப்போ படபடக்குதா?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, அவளுக்கு வேலை இருந்ததால், நான் மட்டும் டாக்டரம்மாவிடம் போனேன்.

"நீங்க எழுதினபடியே பின்னறையை முடிச்சிட்டேன் டாக்டர். ரெண்டு கோட்."

"எதுக்கு ரெண்டு கோட்?"

சீட்டை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தன் எழுத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"காபி ரெண்டு... தூக்கம் எட்டு... பயம் வேண்டாம். அவ்வளவுதானே எழுதியிருக்கேன்?"

வீட்டுக்கு வந்த வேகத்தை என் மாணவர் யாராவது காட்டியிருந்தால் நானே பிரேக் போட்டிருப்பேன். மனைவி வேலை முடிந்து வந்து, பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பயம் வேண்டாம்கறதைப் பெயின்ட் வேண்டும்னு படிச்சிருக்கே."

"அப்படியா?"

"நீ ஒரு சீட்டைக்கூட தப்பாப் படிச்சதில்லையே."

"இதையும் தப்பாப் படிக்கலைங்க," என்றாள், தலை நிமிராமல். "சரி, பெயின்ட் அடிச்ச நாள்லேர்ந்து ஒரு தடவையாவது படபடப்பு வந்துதா?"

யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் ஒரு தடவைகூட அகப்படவில்லை.

"இல்லை."

"அப்போ மருந்து கேக்குது. கேக்கற மருந்தைப் பாதியில நிறுத்தக் கூடாது. ஹால் இருக்கு, மாடிப்படிச் சுவர் இருக்கு."

நான் நிமிர்ந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஹாலுக்கு என்ன கலர்?" என்று கேட்டேன்.