வெள்ளித் தட்டில் மஞ்சள் எழுத்து

மதிப்பிற்குரிய மச்சான் வேதாச்சலம் அவர்களுக்கு,

சத்தியவேட்டிலிருந்து துலுக்காணம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு யாருக்கும் காய்ச்சல், தலைவலி இல்லை. உங்கள் தங்கை மல்லிகா நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, என்னையும் வழக்கம்போல் திட்டி வருகிறாள். அவளுக்கு விஷயம் தெரியாது. போனில் பேசினால் சமையலறைவரை கேட்கும் என்பதால் இதைச் சித்தூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

எல்லாம் நீங்கள் பார்த்து முடித்த சம்பந்தம்தான். பாகாலா ரங்கையா வீட்டார் நிச்சயத்தன்று என் பெண் சிவசங்கரிக்கு ஒரு தாம்பூலத் தட்டு வைத்தார்கள் அல்லவா? "எங்க வூட்டுக்காரரு பாத்துப் பாத்து வாங்கினது, அசல் வெள்ளி" என்று சம்பந்தியம்மா கன்னிகா சபையில் தூக்கிக் காட்டினாரே, அதே தட்டு. பெண், மாப்பிள்ளை பெயரை வெட்டி, கல்யாணத்தில் பெண்ணோடு அது திரும்பிப் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பாத்திரக் கடையில் கொடுத்திருந்தால் டர்ரென்று வெட்டித் தந்திருப்பான். எனக்குத்தான் கிறுக்கு. சொந்தப் பெண் ஸ்ரீசிட்டி கம்பெனியில் லேசர் மெஷினில் வேலை பார்க்கும்போது இன்னொருத்தன் எதற்கு என்று, கம்பெனியில் குடும்பத்தாரை அழைத்துச் சுற்றிக்காட்டிய நாளில் தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டேன்.

அங்கே கண்ணாடிமேல் படிந்த மெல்லிய உலோகப் படலத்தில் வேண்டாத இடத்தை மட்டும் லேசரால் எடுக்கிறார்கள். சிவசங்கரி விளக்கினாள்: "வுட்டு வுட்டு அடிக்கும் நைனா. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஆயிரக்கணக்குல அடிச்சிடும். சூடு கீழ எறங்க நேரமே இருக்காது. அதுக்குள்ள மேல்படலம் உருகி ஆவியாப் பறந்துடும். கீழ கீற கண்ணாடிக்கு ஒண்ணும் ஆவாது." எனக்குப் பாதி புரியவில்லை, பெருமையாக மட்டும் இருந்தது. "இந்தத் தட்டுல பேரு போடு" என்றேன். "மொதல்ல ஒரு ஓரத்துல சோதிக்கணும் நைனா" என்றாள். "அசல் வெள்ளிக்கு இன்னா சோதனை? சம்பந்தி வூட்டையே சந்தேகப்படறியா?" என்று அதட்டினேன். மேலாளர் நாகேந்திரன் தங்கமான மனிதர். "பர்வாலேதம்மா, பரவால்ல, போடு" என்று தெலுங்கும் தமிழுமாக உத்தரவு கொடுத்துவிட்டார்.

எழுத்து அச்சு அசலாக விழுந்தது, மச்சான். ஆனால் மஞ்சளாக விழுந்தது. வெள்ளியில் ஏது மஞ்சள்? மேலே இருந்த பூச்சை லேசர் ஊதித் தள்ளி, அடியிலிருந்த பித்தளையைப் பளிச்சென்று காட்டிவிட்டது. தொட்டுப் பார்த்தேன், தட்டு சுடவே இல்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கொதித்தது. "திரும்பப் பூசிடும்மா" என்றேன். "இந்த மெஷினுக்கு எடுக்கத்தான் தெரியும் நைனா, வெக்கத் தெரியாது" என்கிறாள்!

ஏமாற்றிவிட்டார்களே என்று கோபப்படக்கூட எனக்குத் தைரியமில்லை. "எங்க அசல் தட்டை வித்துத் துன்னுட்டு, பித்தளையை வெச்சிக்கினு நிக்கறான்" என்று அந்தம்மா திருப்பிக்கொண்டால் யார் என்னை நம்புவார்கள்? கல்யாணம் நின்றுவிடும். மாப்பிள்ளை குணாவின் போன் வந்தால் நம் பெண் முகம் எப்படி மலருகிறது என்று தினமும் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள். அதற்குள் திருப்பதியில் வெள்ளி முலாம் பூசுகிறவர் ஒருவரைக் கையோடு பிடித்து வந்து என்னைக் காப்பாற்றுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். ஏழுமலையான் உங்கள் வீட்டுப் பாத்திரம் பண்டங்களை நிறம் மாறாமல் காப்பாராக.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட
துலுக்காணம்

பி.கு.: முலாம்காரர் வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போதே சம்பந்தி வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். மல்லிகா பீரோவில் கைக்குக் கிடைத்த அதே தட்டில் வெற்றிலையை வைத்து நீட்டிவிட்டாள். கன்னிகா அம்மாள் எழுத்தைப் பார்த்தார். "அய்யோ, வெள்ளித் தட்டுல தங்கத்துல பேரு போட்டுக்கீறீங்களே!" என்று கண்கலங்கி நம் பெண்ணைக் கட்டிக்கொண்டார். பின்னால் நின்ற ரங்கையாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இருவரும் ஆளுக்கொரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டோம். கல்யாணத்துக்கு இனி ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தம்மா தன் பிறந்த வீட்டு வெள்ளிச் சொம்பிலும் இதேபோல் தங்க எழுத்து வேண்டுமென்று நாளைக்கே கொடுத்தனுப்புகிறாராம். "அது ஒண்ணு மட்டும் நெஜமாவே வெள்ளி" என்று ரங்கையா என் காதில் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். அசல் வெள்ளியில் மஞ்சளுக்கு நான் எங்கே போவேன்? நல்ல போலிச் சொம்பாகப் பார்த்து ஒன்று வாங்கி வரவும்.